புறத்தேர்வர்

அகம் புறம் எங்களுக்கும் உண்டு.
ஆண்டு முழுக்கப் பாடம் எடுத்தவர் அகத்தேர்வர்.
ஒரே ஒரு நாள் வந்து
முகம் தெரியாதவர்களுக்கு மதிப்பெண் போடுகிற நான்
புறத்தேர்வர்.

வியாசர்பாடி ஜீவாவில் இறங்கி
கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு
பள்ளிக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது.
சட்டை அதற்குள் முதுகோடு ஒட்டியிருந்தது.
தொழிற்கல்விப் பிரிவு எங்கே என்றேன்.
சைக்கிள் ஷெட் தாண்டி, கழிவறைக்கு முன்னால் என்றார்கள்.
எல்லாப் பள்ளியிலும் அங்கேதான் இருக்கிறது.

ஆய்வகத்தில் மூன்று மின்விசிறி.
ஒன்று ஓடியது.
ஒன்று, "ஓடும், ஆனா போடாதீங்க சார்."
மூன்றாவது மேசைமேல் கிடந்தது,
இறக்கை கழற்றி, வயிறு திறந்து.
வினா எண் ஆறு:
ஸ்டேட்டரைச் சுற்றி, இணைப்பு வரைபடம் வரைக.

பதினாறு பேர். நான்கு ஸ்டேட்டர்.
நால்வர் நால்வராக வந்தார்கள்.

ஒரு பையனுக்குக் கம்பி மூன்றாம் முறை அறுந்தது.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
கம்பியையும் பார்க்கவில்லை,
ஓடுகிற ஒரே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு அடுத்து நின்றவள்
காப்புத்தாளை நகத்தால் மடித்து
காடிக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.
பதினான்கு காடி உள்ளே, பதினான்கு வெளியே.
முடிமாதிரி மெல்லிய செம்பு
அவள் விரலிடுக்கில் வழுக்கிப் போயிற்று.
அவள் உதடு மட்டும் எண்ணியது.

ஏன்மா இந்த குரூப் எடுத்தே?
கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.
பதினோரு வருஷமாய் எல்லாரிடமும் கேட்கிறேன்.

"எடுக்கல சார். குடுத்தாங்க.
இருநூத்திப் பதினெட்டு."

பிற்பாடுதான் புரிந்தது
அது பத்தாம் வகுப்பு மார்க் அல்ல,
சுற்று.

வாய்மொழி வினாவுக்கு வந்தேன்.
சுருள் எரிந்துபோனதை எப்படிக் கண்டுபிடிப்பாய்?
"மோந்து பாப்பேன் சார்."
விடைக்குறிப்பில் மெக்கர் என்று இருக்கிறது.
மெக்கர் பீரோவில் இருக்கிறது.
பீரோ சாவி, போன வருஷம் ஓய்வுபெற்றவரிடம் இருக்கிறது.
"வார்னிஷ் கருகுனா வெல்லப்பாகு அடிபிடிச்ச வாடை வரும்.
ஷார்ட்டுன்னா வேற வாடை.
மூலக்கொத்தளத்துல எங்க சித்தி கடை சார்.
ஏப்ரல், மே வந்தா ஒரு நாளைக்கு நாப்பது ஃபேன்."

ஐம்பது நிமிடத்தில் முடித்தாள்.
வரைபடத்தில் அம்புக்குறி ஒன்று தலைகீழாய் இருந்தது.
இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.
குறைத்த பிறகுதான் கேட்டாள்:
"ஒருவாட்டி கரன்ட் குடுத்துப் பாக்கலாமா சார்?"

விதியில் இல்லை.
வினாவில் சுற்றுக என்றுதான் இருக்கிறது,
சுற்றவைக்க என்று இல்லை.
நான் அகத்தேர்வரைப் பார்த்தேன்.
அவர் ஓடுகிற விசிறியிலிருந்து
கெப்பாசிட்டரைக் கழற்ற ஸ்டூல்மேல் ஏறினார்.
அறை முழுக்க வியர்த்தது.
ஒருவரும் முனகவில்லை.

முதலில் ஓர் உறுமல்.
அப்புறம், மேசை நடுங்க,
அது சுற்றியது.
இறக்கை இல்லை, காற்று இல்லை.
கம்பி அறுந்த பையன்
வாயைத் திறந்துகொண்டு சிரித்தான்.

பத்து இருபது நொடி இருக்கும்.
நிறுத்தச் சொன்னேன்.
அதன் பிறகு சொல்லவேண்டியதையும்
நான்தான் சொல்லவேண்டியிருந்தது:
பிரிச்சிடும்மா,
அடுத்த நாலு பேர் வெளியே நிக்கிறாங்க.

அவளுக்கு அது புதிதாய் இல்லை.
கட்டிங் பிளேயரை எடுத்தாள்,
ஒரு விளிம்பில் வைத்தாள், அழுத்தினாள்.
செம்பைப் பந்தாய்ச் சுருட்டி
உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து
"இருநூறு கிராம் வரும்" என்று
இருப்புப் பதிவேட்டின்மேல் வைத்தாள்.

மதிப்பெண் பட்டியலில் எண்கள் மட்டும்தான் இருக்கும்.
ரெக்கார்டு நோட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்:
எ. சுகிர்தா.
பழுப்புத்தாள் அட்டை,
காடிக்குள் செருகியதுபோல
மடிப்பு பிசகாமல்.

மாலை ரயிலில் ஜன்னலோரம்.
பேசின் பாலத்தில் சிக்னலுக்காக நின்றது.
விரலை மோந்து பார்த்தேன்.
இங்க் வாடைதான் வந்தது.